வெள்ளவத்தையில் இந்துத்துவம் பற்றி ஒரு எட்டு வார வகுப்பு: போகலாமா?

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இந்த வகுப்பு நடக்கிறது. எட்டுச் சனிக்கிழமைகள், பின்னேரம் 4 மணியிலிருந்து 6.30 வரை, முழுக்கத் தமிழில். கட்டணம் 6,000 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. சுருள்கம்பி போட்டுக் கட்டிய 160 பக்க வாசிப்புக் கோவைக்குத் தனியாக 1,500 ரூபாய். கதிரைகள் முப்பதுதான். உயர்தர அரசறிவியல் ஆசிரியர்கள், சட்டக் கல்லூரி மாணவர்கள், பத்திரிகைகளில் வேலை செய்பவர்கள், தெமட்டகொடையிலிருந்து வரும் முஸ்லிம் இளைஞர்கள், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள், வெள்ளவத்தைச் சைவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே கோவையை விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். கொழும்பில் இப்படி ஒரு மேசை அமைவது குறைவு.

போகலாம். ஆனால் கோவையில் இரண்டு இடங்களைப் பென்சிலால் திருத்திக்கொண்டு போங்கள். எட்டாம் வாரத்தை நம்பி மட்டும் சேர வேண்டாம்.

இந்தியாவை இந்துக்களின் தேசமாக வரையறுக்கும் அரசியலான இந்துத்துவத்தைப் பற்றிக் கொழும்புத் தமிழர் கதைக்கும்போது பேச்சு ஒன்றில் மோடி என்ற ஒரு மனிதரில் தொடங்கி அவரிலேயே முடிந்துவிடுகிறது. அல்லது "இந்தியாவில் இந்துக்களின் அரசு வந்தால் எங்களுக்கும் ஒரு பலம்தானே" என்ற ஆறுதலில் போய் நிற்கிறது. இரண்டிலும் கொள்கை மறைந்துபோகிறது. இந்த வகுப்பு கொள்கையை அதன் மூலப் பத்திரங்களிலிருந்தும், அது சட்டமான வர்த்தமானிப் பக்கங்களிலிருந்தும் வாசிக்க வைக்கிறது. இதன் பெரிய பெறுமதி அதுதான்.

முதல் வாரம் சொல்லைப் பற்றியது. எங்கள் பள்ளிக்கூடப் பாடநூலுக்குப் பெயர் சைவநெறி. வீட்டில் கேட்டால் "நாங்கள் சைவம்" என்பார்கள். இந்து என்பது பெரும்பாலும் படிவத்தில் நிரப்பும் சொல். சமயம் வேறு, அந்தச் சமயத்தின் பெயரால் ஒரு தேசத்தை வரையறுக்கும் அரசியல் வேறு என்ற வித்தியாசம், சைவம் என்று சொல்லிப் பழகிய காதுக்கு இந்தியத் தமிழரைவிட விரைவாகப் பிடிபடுகிறது. விரிவுரையாளர் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார். கோயிலுக்குப் போகிற ஒருவரை இந்துத்துவர் என்று சொல்லும் தவறும், இந்துத்துவத்தைக் கண்டித்தாலே சைவத்தைத் தாக்குவதாகக் கோபிக்கும் தவறும் அன்று மாலையே தெளிந்துவிடுகின்றன.

வகுப்பின் உயிர் இரண்டாம் வாரம். 1923இல் நாக்பூரில் 'ஒரு மராட்டியன்' என்ற புனைபெயரில் வெளிவந்த, இந்துத்துவக் கொள்கையை வகுத்த சாவர்க்கரின் சிறு நூலிலிருந்து ஒரே ஒரு சுலோகத்தை எடுத்து பெரும்பகுதி நேரமும் அதையே பிரிக்கிறார்கள். சிந்து நதி முதல் கடல் வரையுள்ள பாரத நிலத்தை எவன் தன் பித்ருபூமியாகவும் புண்ணியபூமியாகவும் கொள்கிறானோ அவனே இந்து என்பது அதன் பொருள். பித்ருபூமி தந்தையர் நாடு. புண்ணியபூமி தன் சமயம் பிறந்த புனித மண்.

இதை இரண்டு அரிதட்டாக விளக்குகிறார்கள். முதல் அரிதட்டில் இந்திய முஸ்லிமும் இந்தியக் கிறிஸ்தவரும் தங்குதடையில்லாமல் கடந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களின் பாட்டன் பூட்டன் எல்லாம் அதே மண். இரண்டாவது அரிதட்டில் சிக்கிவிடுவார்கள், ஏனென்றால் மக்கா அரேபியாவில், ஜெருசலேம் பலஸ்தீனத்தில். சீக்கியர், ஜைனர், இந்தியப் பௌத்தர் இரண்டிலும் தேறுகிறார்கள். கடவுளை நம்பாத ஒருவர்கூடத் தேறிவிடலாம், சாவர்க்கரே பக்திமான் அல்ல. சீன, ஜப்பானியப் பௌத்தருக்குப் புண்ணியபூமி உண்டு, பித்ருபூமி இல்லை. அதனால் அவர்கள் வெளியே. இது பக்தியை அளக்கும் சோதனை அல்ல, விசுவாசத்தை அளக்கும் சோதனை. ஒருவர் என்ன செய்தார் என்று அது கேட்பதில்லை. அவருடைய புனித தலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. சிறுபான்மையினர் எவ்வளவு நாட்டுப்பற்றைக் காட்டினாலும் சந்தேகம் தீராமலிருப்பதன் வேர் இந்த இரண்டாவது அரிதட்டில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பிறகு வரும் ஆறு வாரமும் இலகு.

கோவையின் முதற் பிழையும் துரதிர்ஷ்டவசமாக இதே இடத்தில்தான். 23ஆம் பக்கத்தில் இரண்டு சொல்லையும் 'தாய்நாடு' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். அப்படி வாசித்தால் சுலோகத்தில் ஒரே நிபந்தனைதான் மிஞ்சுகிறது, அந்த நிபந்தனையில் இந்திய முஸ்லிமும் இந்துவாகிவிடுகிறார். முழு வாதமும் சரிந்துவிடும். விரிவுரையாளர் வாயால் திருத்துகிறார், ஆனால் வகுப்புக்கு வராமல் கோவையை மட்டும் பிரதி எடுத்து வாசிப்பவருக்கு அந்தத் திருத்தம் கிடைக்காது. முதல் சொல்லைத் தந்தையர் நாடு, இரண்டாவதைப் புனித மண் என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

கோல்வால்கரின் பகுதிகளும் இதே வாரம்தான். 1940 முதல் 1973 வரை ஆர்.எஸ்.எஸ். என்ற இந்துத்துவத் தொண்டர் அமைப்பின் தலைவராக இருந்தவர். 1939இல் வந்த நூலில், இந்து அல்லாதவர் இந்துப் பண்பாட்டை ஏற்க வேண்டும், இல்லையென்றால் குடியுரிமையைக்கூடக் கோராமல் இந்துத் தேசத்துக்குக் கீழ்ப்பட்டு இருக்க வேண்டும் என்று எழுதினார். 1966இல் வந்த தொகுப்பில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், கம்யூனிஸ்டுகள் என்று மூன்று தரப்பை உள்நாட்டு ஆபத்துகளாக வகைப்படுத்தினார். 2018இல் அதே அமைப்பின் தலைவர் மோகன் பாகவத் டெல்லியில், முஸ்லிம்கள் இல்லாவிட்டால் அது இந்துத்துவமே அல்ல என்று பேசியதையும், பழைய நூலில் உள்ளவை அந்தக் காலச் சூழலுக்குச் சொன்னவை என்று விளக்கியதையும் கோவையில் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் வாசிக்கக் கொடுத்துவிட்டு, பாகவத்தின் பேச்சுக்குப் பிறகு வந்த சட்டங்களை ஐந்தாம் வாரத்தில் வைத்திருப்பது நேர்மையான அடுக்கு. ஒரு இயக்கத்தை அதன் ஆகக் கடுமையான வரியை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது. ஆக மென்மையான வரியை மட்டும் வைத்தும் மதிப்பிடக் கூடாது.

மூன்றாம் வாரம் அமைப்புகள்: 1915 இந்து மகாசபை, 1925 ஆர்.எஸ்.எஸ்., 1951 ஜனசங்கம், 1964 விஸ்வ ஹிந்து பரிஷத், 1980 பாரதிய ஜனதா கட்சி. இந்திய மக்களவையில் அந்தக் கட்சிக்கு 1984இல் 2 இடம், 1989இல் 85, 2014இல் 282, 2019இல் 303, 2024இல் 240. பாடம் கொஞ்சம் வரண்டது, குறிப்பெடுத்தால் போதும். இரண்டாவது பிழை இங்கே இருக்கிறது. ஆர்.எஸ்.எஸ். இரண்டு தடவை தடைசெய்யப்பட்டதாகக் கோவை சொல்கிறது. மூன்று தடவை: 1948இல் காந்தி கொலைக்குப் பிறகு, 1975 நெருக்கடி நிலையில், 1992இல் அயோத்தியில் பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகு. 1992 விடுபட்டால் அடுத்த வாரத்துடன் தொடர்பு அறுந்துவிடும்.

நான்காம் வாரம் அயோத்தி. 1990 செப்டெம்பர் 25இல் மசூதி இருந்த இடத்தில் ராமர் கோயில் கேட்டு சோமநாத்திலிருந்து புறப்பட்ட பாரதிய ஜனதா தலைவர் அத்வானியின் ரதயாத்திரை, 1992 டிசம்பர் 6 மசூதி இடிப்பு, 2019 நவம்பர் 9 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தீர்ப்பு 1,045 பக்கம். அதிலிருந்து பதினைந்து பக்கத்தைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள், அந்தத் தெரிவு திறமானது. மசூதி இடிக்கப்பட்டது சட்டத்தின் ஆட்சியைப் பாரதூரமாக மீறிய செயல் என்று சொல்லும் பகுதியும், அதே தீர்ப்பு வழக்கிலிருந்த 2.77 ஏக்கரையும் கோயிலுக்குக் கொடுத்து வேறிடத்தில் 5 ஏக்கரை மசூதிக்கு ஒதுக்கும் பகுதியும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அதற்குக் கீழே, 2020 செப்டெம்பர் 30இல் இடிப்பு வழக்கில் 32 பேரும் விடுதலையான செய்தி. விளக்கவுரை ஒன்றும் சேர்க்காமல் விட்டிருப்பது சரியான முடிவு. வழிபாட்டிடங்கள் 1947 ஓகஸ்ட் 15இல் இருந்த தன்மையிலேயே இருக்க வேண்டும் என்ற 1991ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மட்டும் இன்னும் அரை மணித்தியாலம் கொடுத்திருக்கலாம். காசி ஞானவாபி, மதுரா மசூதிகள் பற்றிய வழக்குகள் எல்லாம் அந்தச் சட்டத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன.

ஒரேயொரு வாரம்தான் வர முடியும் என்பவர்கள் ஐந்தாம் வாரத்துக்கு வரலாம். சட்டம்தான் பாடம். இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பிரிவைக் கையில் கொடுத்து, ஐந்து அட்டைகளை மேசையில் வைக்கிறார்கள். கராச்சியிலிருந்து 2013இல் வந்த கிறிஸ்தவர். லாகூரிலிருந்து அதே ஆண்டு வந்த அஹமதியா முஸ்லிம். காபூலிலிருந்து 2016இல் வந்த சீக்கியர். மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா முஸ்லிம். மன்னாரிலிருந்து 1990இல் படகேறி மண்டபம் முகாமில் இறங்கிய சைவர். சட்டத்தில் மூன்று பூட்டுகள் உண்டு: நாடு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். சமயம் இந்து, சீக்கியம், பௌத்தம், ஜைனம், பார்சி, கிறிஸ்தவம் ஆறில் ஒன்றாக இருக்க வேண்டும். வந்த திகதி 2014 டிசம்பர் 31ஐத் தாண்டக் கூடாது. மூன்றும் திறந்தால், குடியுரிமை பெறுவதற்கான 11 வருட வதிவு நிபந்தனை 5 வருடமாகக் குறையும். ஐந்து அட்டையில் கராச்சிக் கிறிஸ்தவர் ஒருவருக்குத்தான் மூன்றும் திறக்கின்றன. காபூல் சீக்கியர் திகதியில் நிற்கிறார், அஹமதியா சமயத்தில் நிற்கிறார், ரோஹிங்கியா நாட்டிலும் சமயத்திலும் நிற்கிறார். மன்னார் சைவர் சமயத்தில் தேறி, திகதியில் தேறி, நாட்டில் நிற்கிறார்.

அந்த ஐந்தாவது அட்டையில் அறை அமைதியாகிவிடும். இந்து என்ற பெயரால் செய்த சட்டம், தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது நாற்பது வருடமாக இருக்கும் ஈழத்து இந்துக்களை உள்ளே எடுக்கவில்லை. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை என்பதால், முகாமிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் வெளியேதான். சட்டத்தை ஆதரிப்பவர்கள், அந்த மூன்று நாடுகளிலும் இஸ்லாம் அரச சமயம், அதனால் அங்குள்ள சிறுபான்மையினருக்குத்தான் பாதுகாப்பு என்று சொல்வார்கள். அந்த வாதத்தையும் பலகையில் எழுதுகிறார்கள். அப்படியென்றால் 9ஆம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த இலங்கை ஏன் பட்டியலில் இல்லை என்ற கேள்வி, கொழும்பில் இருக்கும் எவருக்கும் தானாக வந்துவிடும். அசாமில் 2019 ஓகஸ்ட் 31இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டதைச் சேர்த்து வாசித்தால்தான் இந்தச் சட்டத்தின் மீதான முஸ்லிம்களின் அச்சம் விளங்கும். பத்திரம் காட்ட முடியாமல் விடுபடும் இந்துவுக்கு ஒரு கதவு இருக்கிறது, முஸ்லிமுக்கு அந்தக் கதவு இல்லை. இதை வகுப்பில் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள், போதாது.

அதே வாரம் உத்தரப் பிரதேசத்தின் 2021 மதமாற்றத் தடைச் சட்டம். மதம் மாற விரும்புபவர் 60 நாளைக்கு முன்பே மாவட்ட நிர்வாகத் தலைவரான மாவட்ட நீதவானுக்கு அறிவிக்க வேண்டும். மாற்றிவைக்கும் குருவானவர் ஒரு மாதத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். பொலிஸ் விசாரிக்கும். மாறிய பிறகு இன்னொரு அறிவிப்பு கொடுக்க வேண்டும், அது அவருடைய அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். கட்டாயப்படுத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். முன்பிருந்த சமயத்துக்குத் திரும்பினால் மட்டும் அது மதமாற்றமாகவே கணக்கில் வராது. வீடு திரும்புதல் என்ற பொருளில் ஆர்.எஸ்.எஸ். சார்ந்தவர்கள் சொல்லும் கர் வாப்சிக்குச் சட்டம் திறந்து வைத்த வழி அது. ஒரு சிற்றூர்க்காரரின் பெயர் பலகையில் ஒட்டப்படுவது என்றால் என்ன என்று விரிவுரையாளர் நிறுத்தி விளக்குகிறார். தண்டனை வருவதற்கு முன்பே, அயலவர், வேலை கொடுப்பவர், வட்டிக்குக் காசு கொடுத்தவர் எல்லாரும் அந்தப் பெயரை வாசித்துவிடுவார்கள்.

தலித் சாதிகளுக்கு ஒதுக்கீடு தரும் 1950 பட்டியல் சாதிகள் ஆணையையும் இங்கே வைத்திருப்பதற்குத் தனியாகப் பாராட்டலாம். ஆரம்பத்தில் ஏறக்குறைய இந்துக்களுக்கு மட்டும், 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறிய தலித்துக்கு இன்றும் அந்த ஒதுக்கீடு இல்லை. சாவர்க்கரின் இரண்டாவது அரிதட்டின் அதே வடிவம், காங்கிரஸ் அரசு போட்ட ஆணையில். இந்துத்துவத்தை ஒரு கட்சியின் பெயராக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தப் பக்கம் முக்கியம்.

ஆறாம் வாரம் வன்முறை. இலக்கங்களை எப்படி வாசிப்பது என்று சொல்லிக் கொடுப்பதால் நன்றாக இருக்கிறது. குஜராத் 2002 என்றால் பெப்ரவரி 27இல் கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து 59 பேர் இறந்ததிலிருந்து தொடங்குகிறார்கள். பிறகு நடந்த கொலைகளுக்கு 2005இல் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்கு 790 முஸ்லிம்கள், 254 இந்துக்கள். இது அரச கணக்கு என்று சொல்லியே பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஒடிசாவில் 1999இல் அவுஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் வாகனத்தோடு எரிக்கப்பட்டதும், 2008இல் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் மீது நடந்த வன்முறையும், 2015இல் தாத்ரியில் மாட்டிறைச்சிச் சந்தேகத்தில் நடந்த கொலையும் இருக்கின்றன. 1990இல் காஷ்மீரப் பண்டிதர்கள் எனப்படும் இந்துக்கள் பள்ளத்தாக்கை விட்டு ஓடியதும் அதே அட்டவணையில் உண்டு. அதை விட்டுவிட்டிருந்தால் வகுப்பின் நம்பகம் போயிருக்கும்.

தமிழ்நாடு பற்றிய ஏழாம் வாரம் சுருக்கம், ஆனால் சுவை. 1981இல் திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறியது, 1982 மண்டைக்காட்டு இந்து - கிறிஸ்தவக் கலவரம், 1980இல் தொடங்கிய இந்து முன்னணி, விநாயகர் ஊர்வலங்கள் ஒவ்வொன்றும் கணக்கில் வருகின்றன. கோயம்புத்தூரில் 1997 நவம்பரில் ஒரு காவலர் கொல்லப்பட்டார், தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 1998 பெப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். பெரியார் மண்ணில் இது வராது என்று நினைப்பவர்களுக்கு இந்தத் திகதி வரிசை போதும்.

எட்டாம் வாரம்தான் ஏமாற்றம். தலைப்பு இலங்கை. ஏழு வாரம் பத்திரம் வைத்துப் படித்துவிட்டு, கடைசி வாரம் மூன்று பேரை மேடையில் இருத்திப் பொதுவாகக் கதைக்க விடுகிறார்கள். கோவையில் ஒரு பக்கம்கூட இல்லை. கையில் பத்திரம் இல்லாதபோது பேச்சு உடனே யார் யாருக்கு என்ன செய்தார் என்ற வாக்குவாதமாகிறது, மேசையைச் சுற்றி உண்டான நம்பிக்கையும் அதோடு ஆட்டம் காணுகிறது. பத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கக் கன்னியர் சபையின் சட்டமூலம் பற்றிய இலங்கை உயர் நீதிமன்றத் தீர்மானம் சமயத்தைப் பரப்புவதை உரிமையாக ஏற்கவில்லை. மதம் மாற்றுவது அடிப்படை உரிமையல்ல என்று 1977இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதோடு அதை அருகருகே வைத்து வாசிக்கலாம். 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இலங்கைத் தீர்மானத்தைத் தவறென்று கண்டது. 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலத்தை உத்தரப் பிரதேசச் சட்டத்தின் அருகே வைத்தால் பேரினவாதங்கள் எவ்வளவு ஒரே கையெழுத்தில் எழுதுகின்றன என்று தெரியும். 2016இல் வவுனியாவில் தொடங்கிய சிவசேனை என்ற அமைப்பு, சைவரின் காவலாக இந்துத்துவத்தின் மொழியை இங்கே பேசுகிறது. அதன் துண்டுப் பிரசுரத்தைச் சாவர்க்கரின் சுலோகத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும் வைக்க வேண்டும். அது இந்துத்துவம் அல்ல, ஆனால் ஒரு மண் யாருக்குச் சொந்தம் என்ற அதே கேள்வி. இந்த நாட்டில் 70.1 வீதம் பௌத்தர், 12.6 வீதம் இந்துக்கள், 9.7 வீதம் முஸ்லிம்கள் என்று 2012 கணக்கெடுப்பு சொல்கிறது. இங்கே பெரும்பான்மைச் சமயத்துக்கு முதலிடம் என்றால் என்ன என்று அனுபவித்துத் தெரிந்த சைவர், அங்கே அதே முதலிடத்தைத் தங்கள் பெயரால் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? எட்டாம் வாரம் அந்தக் கேள்விக்கு உரியது. பதினைந்து பக்கம் சேர்த்தால் இந்தக் குறை தீரும்.

மற்றதெல்லாம் சின்ன விடயங்கள். மின்விசிறி இரண்டுதான், அதனால் கதவுப் பக்கம் இருங்கள். கரையோர ரயில் போகும்போது ஒரு நிமிடம் பேச்சு கேட்காது, ஜன்னல் பக்கம் இருந்தால் குறிப்பில் வசனம் விடுபடும். ஒலிப்பதிவு அனுமதி இல்லை, வருகிறவர்கள் தாராளமாகக் கதைக்க அது தேவையும்கூட. உயர்தர ஆசிரியர்கள் குடியுரிமைச் சட்டத்தின் அட்டைப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள், ஒரு 40 நிமிடப் பாடவேளைக்குள் செய்து முடிக்கலாம். தனி வாரத்துக்கு 1,000 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு வாரத்துக்குத்தான் நேரம் என்றால் இரண்டாவதையும் ஐந்தாவதையும் எடுங்கள், 23ஆம் பக்கத்தைத் திருத்திவிட்டு.